டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது

1/ மழைக்காலம் வந்தா எங்க வார்டுல வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வரிசை கட்டும். "என்ன தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு கேட்டா, "நல்ல தண்ணிதான் டாக்டர், டிடிஎஸ் 80தான் காட்டுது"ம்பாங்க. இதைப் பத்திப் பேசியே ஆகணும்.

2/ அந்த மீட்டர் காட்டுறது தண்ணியில கரைஞ்ச உப்போட அளவை மட்டும்தான். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணியில ஒரு சொட்டு சாக்கடை விழுந்ததா வெச்சுக்கோங்க. மீட்டர்ல பெருசா எதுவும் மாறாது. குடிப்பீங்களா?

3/ இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 என்ன சொல்லுது? டிடிஎஸ் லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம். வேற தண்ணியே இல்லாத ஊர்ல 2000 வரை. ஆனா ஈ.கோலை கிருமி? 100 மி.லி.யில ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதுக்குச் சலுகையே கிடையாது.

4/ கிருமி எங்கிருந்து வருது? சப்ளை நின்னதும் குழாய்ல அழுத்தம் போயிடும். விரிசல் வழியா பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். குழாய்லயே நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சினா தெருவுக்கே ஆபத்து.

5/ இதுக்குக் கடைசிக் காவல், குழாய் முனையில மிச்சமிருக்கிற குளோரின். லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மி.கி. இருக்கணும். லேசா ப்ளீச்சிங் வாடை வந்தா முகம் சுளிக்காதீங்க, நிம்மதியா இருங்க.

6/ அதிகாரிகளே, "டேங்க்ல குளோரின் போட்டாச்சு"ங்கிறது பதில் இல்லை. தெருவோட கடைசி வீட்டுக் குழாய்ல எவ்வளவு இருக்கு? குளோரோஸ்கோப்ல பார்க்கச் சில நிமிஷம் போதும். அளந்து, அந்த எண்ணைத் தெருவுலயே எழுதி வைங்க.

7/ "அதான் ஆர்ஓ இருக்கே?" ஒழுங்கா பராமரிச்சா கிருமியையும் வடிகட்டும், மறுக்கலை. ஆனா ஃபில்டர் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு? கேனைக் கழுவினது யாரு? அந்தத் தண்ணியில குளோரினும் மிஞ்சாது. அப்புறம் கிருமி விழுந்தா தடுக்க ஆளே இல்லை.

8/ உப்புக் கவலை பொய்னு சொல்லலை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனாலதான். ஃபுளோரைடு கொதிக்க வெச்சாலும் போகாது. ஆனா அதையும் டிடிஎஸ் மீட்டர் தனியா பிரிச்சுச் சொல்லாது. லேப்லதான் பார்க்கணும்.

9/ இன்னிக்கே செய்ய வேண்டியது: தளதளன்னு கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் விடுங்க. மூடியே ஆற வைங்க. கையை விட்டு மொள்ளாதீங்க. சம்ப், மேல்தொட்டி ரெண்டையும் கழுவுங்க.

10/ ஆனா இதெல்லாம் தற்காப்புதான், தீர்வு இல்லை. கேஸுக்கும் கேனுக்கும் காசில்லாத வீட்டுக் குழந்தைதான் முதல்ல எங்க வார்டுக்கு வருது. அடுத்த தடவை கவுன்சிலரைப் பார்த்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எங்க தெருக் குழாய்ல இன்னிக்குக் குளோரின் எவ்வளவு?"