முட்டைகளை மட்டும் எண்ணினால் போதுமா?

விலங்குகளின் நீடுநிலவல் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள், மீன் ஏராளமாக முட்டையிடும், ஆகவே அதன் இனம் அழியாது என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். இதைத் திருத்த ஸ்கேட் எனும் மீனை வகுப்பில் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கேட், நம் சந்தையில் விற்கும் திருக்கைக்கு உறவுடையது. திருக்கை குட்டி ஈனும். ஸ்கேட்டோ தோல் போன்ற உறைக்குள் முட்டையிடும். ஸ்காட்லாந்துக் கரையோரம் வாழும் ஃபிளாப்பர் ஸ்கேட்டின் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகிறது. அக்குஞ்சு முதிர்ச்சியடையப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். பிறக்கும்போதே பெரிதாக இருப்பதால், ஒரு முறைகூட முட்டையிடாமலே அது வலையில் சிக்குகிறது. கடலில் இளம் மீன்கள் தென்படலாம். முதிர்ந்த பெண் மீன்கள் இல்லையெனில் அடுத்த தலைமுறை ஏது?

பெயரும் ஏமாற்றியது. 'சாதாரண ஸ்கேட்' என்று ஒன்றாக எண்ணப்பட்டவை உண்மையில் இரண்டு இனங்கள் என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய இனத்தின் வீழ்ச்சி அந்தக் கூட்டுக் கணக்கில் மறைந்து கிடந்தது. 2021இல் ஸ்கை தீவருகே அது முட்டையிடும் இடமொன்று பாதுகாக்கப்பட்டது. நல்ல செயல்தான், ஆனால் முட்டையிடத் தாய் மீன்களும் எஞ்சியிருக்க வேண்டுமே!

ஆசிரியர்களே, "எத்தனை முட்டை இடும்?" என்பதோடு, "எத்தனை வயதில் தாயாகும்?" என்றும் கேளுங்கள். பெற்றோர்களே, திருக்கை வாங்கும்போது அதே வினாவைப் பிள்ளைகளிடம் எழுப்புங்கள். திருக்கையும் சில குட்டிகளையே ஈனும் மீன்தான். சிந்திப்போம்.