தொண்டு யாருக்கு, கூலி யாருக்கு?

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் லண்டனிலும் சிட்னியிலும் நியூயார்க்கிலும் விமானம் ஏறுகிற வாலிபர்களில் ஒரு சாரார் உல்லாசப் பிரயாணம் போவதாகச் சொல்வதில்லை. தொண்டு செய்யப் போகிறோம் என்கிறார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்குள் நுழைவதற்கு முன் சில வாரங்கள் கம்போடியாவிலோ, நேபாளத்திலோ, தான்சானியாவிலோ, நம் இந்தியாவிலோ தங்கி, அநாதை இல்லத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்புவது என்று புறப்படுகிறார்கள். இதற்குக் கூலி கிடையாது. கூலி என்ன கூலி! போகிறவர்களே பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை வாங்கிக் கொண்டு ஏற்பாடு செய்து கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் நடக்கின்றன.

எங்கோ நடக்கிற இந்த விஷயத்தில் நமக்கென்ன வந்தது என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். நமக்குத்தான் வந்தது என்று சொல்ல விரும்புகிறோம். கூலி இல்லாமல் ஒருவன் வேலை செய்ய வந்தால், அந்த வேலையைக் கூலிக்குச் செய்து கொண்டிருந்தவன் எங்கே போவான்? இந்தக் கேள்வியைத் தொழிலாளியைத் தவிர வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

ஒரு சுவரை எடுத்துக் கொள்வோம். ஏழை நாட்டு ஊர் எதுவானாலும் அங்கே கொத்தனார் இருப்பார், சித்தாள் இருப்பார், மண் சுமக்க ஆள் இருக்கும். அவர்களுக்கு இல்லாதது வேலை. ஐரோப்பாவிலிருந்து வருகிற வாலிபனுக்கோ கரணை பிடிக்கத் தெரியாது. தூக்குக் குண்டு என்றால் என்னவென்று தெரியாது. அவன் விமானச் செலவை மட்டும் அந்த ஊரில் கூலியாகப் பட்டுவாடா செய்திருந்தால் ஒன்றுக்கு நாலு சுவர் எழும்பியிருக்கும். நாலு வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும். இது நமது கற்பனைக் கணக்கு அல்ல. தான்சானியாவில் ஓர் அநாதை இல்லத்துக்கு நூலகம் கட்டப் போன அமெரிக்கப் பள்ளி மாணவிகளில் ஒருவரே 2014இல் இதை எழுதினார். பகலெல்லாம் அந்தப் பெண்கள் கல் அடுக்கினார்கள். அடுக்கியது நிற்காது என்பதால், அவர்கள் உறங்கிய பிறகு உள்ளூர் ஆட்கள் வந்து இரவோடு இரவாகப் பிரித்து, ஒழுங்காகக் கட்டி வைத்தார்கள். மாணவிகளின் மனம் நோகக் கூடாதல்லவா! இப்படித் தெரிந்து, வெட்கப்பட்டு, வெளியிலே சொன்ன அந்தப் பெண்ணை நாம் பாராட்டுகிறோம்.

கூலி வாங்காத உழைப்பெல்லாம் தவறு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் 1947ஆம் ஆண்டு யுகோஸ்லாவியாவில் ஷாமாட்ஸ் என்ற ஊரிலிருந்து சரயேவோ வரை சுமார் 240 கிலோமீட்டர் ரயில் பாதை போட்ட வாலிபர்களை என்ன சொல்வது? இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இறங்கி, அவ்வாண்டு நவம்பரில் பாதையைத் திறந்தார்கள். அவர்களோடு பல நாடுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான வாலிபர்களும் வேலை செய்தனர். பின்னாளில் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற ஈ.பி. தாம்ப்சன், தமது 23ஆம் வயதில், பிரிட்டிஷ் வாலிபர் குழுவுக்குத் தலைமை வகித்து அங்கே போனார். ஆனால் அங்கே நடந்தது என்ன? யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டு. நாடு பாழாய்க் கிடந்தது. அந்த நாட்டு வாலிபர்களே வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கினார்கள். வந்தவர்கள் அவர்களோடு அதே கூடாரத்தில் படுத்து, அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் சொன்ன இடத்தில் மண் வெட்டினார்கள். யாருடைய கூலியும் பறிபோகவில்லை.

அமெரிக்க சர்க்கார் 1961இல் கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது பீஸ் கோர் என்ற தொண்டர் படையை ஏற்படுத்தி உலகமெங்கும் அனுப்பியது. 1961 முதல் 1976 வரை நம் நாட்டிலும் அவர்கள் இருந்தார்கள். அது பனிப்போரில் ஓர் ஆயுதமாகவே படைக்கப்பட்டது என்பது நமது கருத்து. பொலிவியா 1971இல் அவர்களை வெளியேற்றியது. ஆனாலும் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். அந்தப் படையில் சேருகிறவன் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, போகிற ஊர்ப் பாஷையைக் கற்றுக் கொண்டு, இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும். இன்று கம்பெனிகள் விற்கிற இரண்டு வாரத் தொண்டுக்கு அதுகூடக் கிடையாது.

கடல் கடந்து தொண்டு செய்வது என்றால் என்ன என்பதற்கு நாம் வெள்ளைக்காரனிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்து ஆலை நகரமான சோலாப்பூரைத் தொழிலாளர்கள் அறிவார்கள். 1930இல் மக்கள் கிளர்ந்தெழ, பிரிட்டிஷார் இராணுவச் சட்டம் போட்ட ஊர் அது. அந்த ஊரில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர் துவாரகாநாத் கோட்னிஸ். பம்பாயில் வைத்தியம் படித்துத் தேறினார். மேல்படிப்புக்குத் தயாராகிக் கொண்டிருந்த காலத்தில், ஜப்பான் சீனாவின் மேல் பாய்ந்து நகரங்களைக் குண்டு போட்டு எரித்துக் கொண்டிருந்தது. எட்டாவது மார்க்க சேனையின் தளபதி சூ டே, வைத்தியர்களை அனுப்பும்படி ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் போஸ் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். சீன தினம் கொண்டாடிப் பொதுஜனங்களிடம் நிதி திரட்டினார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாடு, அடிபட்டுக் கொண்டிருந்த இன்னொரு நாட்டுக்காகக் காசு போட்டது! அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்ற ஐந்து டாக்டர்கள் 1938 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். கோட்னிசுக்கு அப்போது 27 வயது.

மறு ஆண்டு பிப்ரவரியில் யேனான் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நாடு திரும்பினார்கள். அவரவர் செய்த சேவை அவரவருக்குப் பெருமை. கோட்னிஸ் திரும்பவில்லை. மலைப் பிரதேசத்தில், சேனையோடு இடம் மாறிக் கொண்டே இருந்த ஆஸ்பத்திரிகளில், மருந்துக்கும் கருவிக்கும் தட்டுப்பாடான நிலையில் அறுவை சிகிச்சை செய்தார். 1940இல் ஒரு பெரும் போரின்போது 72 மணி நேரம் இடைவிடாமல் அவர் காயம்பட்டோரைக் கவனித்தார் என்பது சீன மக்கள் இன்றும் சொல்லும் செய்தி. சீன மொழி கற்று, அந்த மொழியிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் போதித்தார். கனடாவிலிருந்து வந்து அங்கேயே 1939இல் உயிர் நீத்த டாக்டர் நார்மன் பெதூன் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரிக்கு 1941இல் தலைவரானார். அங்கே பணி செய்த குவோ சிங்லான் என்ற தாதியை மணந்தார். மகன் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1942 டிசம்பர் 9ஆம் தேதி வலிப்பு நோய்க்குப் பலியானார். வயது 32.

1962இல் எல்லையிலே யுத்தம் நடந்தது. 2020இல் கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு வீரர்களும் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் மயானத்தில் கோட்னிஸ் சிலை நிற்கிறது.

அவரைக் கூப்பிட்டது யார்? தேவைப்பட்டவர்கள். அவர் கொண்டு போனது என்ன? அவர்களிடம் குறைவாக இருந்த ஒரு கைத்திறன். யார் சொல்படி வேலை செய்தார்? அந்த நாட்டாரின் சொல்படி. இந்த மூன்று கேள்வியையும் மனத்தில் வைத்துக் கொண்டு அநாதை இல்லத்துக்கு வருவோம். சுவர் விஷயத்தில் போவது கூலி. இங்கே போவது பிள்ளை.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவிகிதம் பெருகியது. யுத்தம் இல்லை, பெரும் பஞ்சம் இல்லை, அநாதைகள் மட்டும் எப்படிப் பெருகினார்கள்? ஐ.நா. குழந்தைகள் நிதி ஸ்தாபனம் விசாரித்தபோது, அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரிந்தது. நேபாளத்திலும் இதே கதை. இல்லங்கள் ஏழ்மை மிகுந்த மலை ஜில்லாக்களில் இல்லை. வெளிநாட்டார் வந்து போகிற காத்மாண்டுப் பக்கமும் போக்ராவிலும் சித்வானிலும்தான் குவிந்திருக்கின்றன. புரோக்கர் மலையேறிப் போகிறான். சோறு, துணி, இங்கிலீஷ் படிப்பு என்று சொல்லிப் பிள்ளையைக் கேட்கிறான். பெற்றவள் கொடுத்து விடுகிறாள். ஏன் கொடுக்கிறாள் என்று நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுமங்கலித் திட்டம் என்று சொல்லி நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனவன் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசியதும் இதே பேச்சுத்தான்.

இந்தப் பிள்ளைகள் இளைத்துக் கிடந்தால்தான் வருகிறவர்களுக்கு இரக்கம் பிறக்கும், நன்கொடை பெருகும். ஆகவே இளைக்க வைக்கப்பட்ட இல்லங்களும் உண்டு. இன்று வந்த அண்ணனும் அக்காளும் இரண்டு வாரத்தில் கட்டிப் பிடித்துக் கண்ணீர் விட்டுப் போய் விடுவார்கள். அடுத்த வாரம் வேறு முகங்கள். வருகிறவன் யார், எப்படிப்பட்டவன் என்று பார்ப்பாரும் இல்லை. இங்கிலாந்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவனின் குற்றப் பதிவைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். நமது வேலூரிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், பயிற்சி எதுவும் இல்லாமல், லண்டன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் பாடம் நடத்தப் போகிறேன் என்றால் விசா கொடுப்பார்களா? ஏழை நாட்டுப் பிள்ளை என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் தூக்கிக் கொஞ்சலாமா?

வருகிற வாலிபர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. பெரும்பாலோர் நல்ல மனத்தோடு வருகிறார்கள். அந்த நல்ல மனத்தைச் சரக்காக்கி விற்பவன்தான் குற்றவாளி. ஆஸ்திரேலியா இதை உணர்ந்து, 2018ஆம் ஆண்டு நவீன அடிமை முறை பற்றிய சட்டம் இயற்றியபோது அநாதை இல்ல வியாபாரத்தையும் கணக்கில் எடுத்துக் கொண்டது. 2019இல் ஐ.நா. பொதுச் சபையும் இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டால் புரோக்கர் நிற்கமாட்டான். மலையில் உள்ள தாய்க்கு வேலையும் அவள் ஊரில் பள்ளிக்கூடமும் வந்தால் நிற்பான். கம்பெனிகளுக்குக் கட்டப்படும் பணம் அந்தப் பக்கம் திரும்பாதவரை இல்லங்கள் காலியாகப் போவதில்லை.

நமது நாட்டில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளை வைத்து நடத்துகிற எந்த இல்லமும் சர்க்காரிடம் பதிவு செய்து கொண்டே ஆக வேண்டும். பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் பெயர்ப் பலகை இல்லாத வீட்டில் பிள்ளைகளை அடைத்து வைத்து, வெளிநாட்டார் வரும்போதெல்லாம் ஆட விட்டுக் காட்டுகிறார்கள் என்று தெரிந்தால், பார்த்தும் பாராமல் போகாதீர்கள். சங்கத்தில் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எழுத நேரமில்லையென்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்குக் காசு இல்லை.