வாப்பாவின் மாத்திரைப் பையில் என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2025 பிப்ரவரியில் 'முதல்வர் மருந்தகம்' திறக்கப்பட்டு, மலிவு விலையிலும் மருந்து கிடைக்கிறது. இரண்டுமே வரவேற்க வேண்டியவை. காசில்லாமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பெரியவர்களை நமது மஹல்லாக்களில் நிறையவே பார்த்திருக்கிறோம். ஆனால் பல கைகளிலிருந்து வந்து சேரும் மாத்திரைகளை ஒருசேரப் பார்ப்பவர் வீட்டில் யார்?

எழுபது வயது வாப்பா ஒருவருக்குத் திட்டத்தின் மூலம் அம்லோடிபின் வருவதாக வைத்துக்கொள்வோம். தனியார் டாக்டர் எழுதிய சீட்டிலும் வேறொரு கம்பெனிப் பெயரில் அதே அம்லோடிபின். அட்டையின் நிறம் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார். கால் வீங்குகிறது. அது அந்த மருந்தின் பக்கவிளைவு என்று தெரியாமல் இன்னொரு டாக்டரிடம் போக, நீர் பிரியும் மாத்திரை ஒன்று கூடுகிறது. இரவில் நான்கு முறை எழுகிறார், உடலில் உப்புச்சத்து குறைகிறது, தலை சுற்றிக் குளியலறையில் விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு நாம் சொல்வது, "வயசாயிடுச்சு, என்ன செய்ய?"

வயதாக ஆகச் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும். அதனால் மகனுக்கு ஒத்துக்கொள்ளும் அளவு வாப்பாவுக்கு அதிகமாகிவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2017இல் மருந்தால் வரும் தீங்கைத் தடுக்க ஓர் இயக்கத்தையே தொடங்கியது. ஒருவரே பல மருந்துகள் உட்கொள்வதை அதில் முக்கியப் பிரச்சினைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

நம் வீடுகளுக்கென்று சில தனி வழக்கங்களும் உண்டு. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளை கோடாலித் தைலத்தோடு பனடாலும் கொண்டு வருகிறார். இங்கே டோலோ இருக்கிறது. இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். காய்ச்சலுக்கு இதையும் உடம்பு வலிக்கு அதையும் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் சிறப்பை மிம்பரில் சொல்லும் ஆலிம்களாகிய நாம், அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கக்கூடியது, மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ரமளானில் இது இன்னும் கூர்மையாகிறது. கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை சஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுக்க நோன்பிருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். முதியவர்களிடம் வியர்வை, நடுக்கம் தெரியாமல் பேச்சுத் தடுமாற்றம் மட்டுமே தெரியக்கூடும். வீட்டார் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். ரஜபிலேயே டாக்டரைப் பார்த்து வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். இயலாத முதியவருக்கு ஃபித்யா என்னும் வழியை மார்க்கமே தந்திருக்கிறது. அதை ஏற்கக் கூச்சப்படும் பெரியவர்களிடம் பிள்ளைகள் பேசுவதைவிட இமாம் பேசினால் கேட்பார்கள்.

ஒரு பையை எடுத்து, அட்டை, சிரப், லேகியம், தைலம், வெளிநாட்டு மாத்திரை எல்லாவற்றையும் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டு போங்கள். பெட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் நிறுத்திவிட வேண்டாம். அட்டெனலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம். எதைக் குறைப்பது, எதை விடுவது என்பதை அந்தப் பையைப் பார்த்த டாக்டர் சொல்லட்டும்.