பலாலி எவ்வளவு தூரம்?

இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை நிர்ணயிப்பது பூமி. பிரயாண நேரத்தை நிர்ணயிப்பவர்கள் மனிதர்கள். சென்னை மீனம்பாக்கத்தையும் யாழ்ப்பாணத்துப் பலாலியையும் விட இதற்குச் சிறந்த உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

பூகோளப் படத்தை விரித்துப் பாருங்கள். இவ்விரு விமான நிலையங்களும் 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. மீனம்பாக்கம் வட அட்சம் 13 பாகை, பலாலி 9.8 பாகை. அட்சத்தில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். ஆகவே இடைத்தூரம் சுமார் 355 கிலோமீட்டர். பழைய கணக்கில் 220 மைல். வானவழியில் மதுரையும் கோயம்புத்தூரும் சென்னைக்கு இதைவிடத் தொலைவு என்றால் வாசகர்களிற் பலர் வியப்படையக்கூடும்.

இப்பாதையில் பறக்கும் விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் செல்லும். கணக்கின்படி முக்கால் மணி போதும். ஆயினும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், வேகம் தணித்து இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்றேகால் மணியாகிவிடுகிறது. நாம் வசிக்கும் மறைமலை நகரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் தொழிற்சாலை லாரிகள் ஜி.எஸ்.டி. சாலையை அடைத்து நிற்கும் வேளையில் அதற்கே ஒரு மணிக்கு மேல் பிடிக்கிறது! பிறகு சோதனைகளுக்கென இரண்டு மூன்று மணி முன்னதாகவே போய்க் காத்திருக்கவேண்டும்.

இவையெல்லாம் சிறு தாமதங்கள். பெருந்தாமதம் ஒன்று உண்டு.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆங்கிலேயர் பலாலியில் விமானத்தளம் அமைத்தனர். 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு வந்தது. 1970களின் இறுதியில் அந்தப் போக்குவரத்து நின்றது. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது, பலாலி இராணுவத்தளமாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னும் வழி உடனே திறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், யாழ்ப்பாணம் செல்பவர் அவ்வூரைக் கடந்து தெற்கே 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பு சேர்ந்து, அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தரைவழியே மீண்டும் வடக்கே திரும்பவேண்டியிருந்தது. தூரம் மும்மடங்கு, ஒன்றேகால் மணிப் பிரயாணம் ஒரு முழுநாள் பிரயாணமாயிற்று.

2019 அக்டோபர் 17ஆம் தேதி சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் பலாலியில் இறங்கியது. 2020இல் பெருந்தொற்றினால் சேவை மறுபடி நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

போர்க்காலத்தில் அகதிகளாக இங்கு வந்தவர்களின் உற்றார் அங்கே இருக்கின்றனர். ஒரு தாய் இறந்த செய்தி கிடைத்தால், மகன் காரியத்துக்குப் போய்ச் சேருவானா, மாட்டானா? அவனுக்கு அட்சரேகைக் கணக்கினால் யாது பயன்? பிரயாணச்சீட்டும், அனுமதிப் பத்திரமும், அன்று புறப்படும் விமானமும் அல்லவா வேண்டும்!

இரு அரசாங்கங்களும் இதை வெறும் வியாபாரப் பாதையாகக் கருதலாகாது. வழியை ஒருமுறை திறந்து மாலை சூட்டிவிட்டால் போதாது. அது இடையறாது நடக்கவேண்டும். விமானம் தவறாமல் புறப்பட்டால்தான் 220 மைல் 220 மைலாகவே இருக்கும்.