உப்பும் அளவும்

வரக்காப்பொலப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவருடைய தம்பி முன்னர் வாரக்கணக்கில் உறக்கமின்றி, தோட்டத்தையே விலைக்கு வாங்கப் போவதாகப் பேசிக் கடன்பட்டார். பின்னர் மாதக்கணக்கில் லயன் அறையின் மூலையில் முடங்கிக் கிடந்தார். வைத்தியர் இதனை இருதுருவ மனநோய் எனக் கண்டு இலிதியம் குளிசை கொடுத்தார். ஓராண்டாகத் தம்பி ஒழுங்காகப் பால் வெட்டச் செல்கிறார். "குணமாகிவிட்டதே, இனியும் அந்த நஞ்சு எதற்கு?" என்கிறார்களாம் அயலார்.

அயலார் கூற்றில் பாதி உண்மை உண்டு. இம்மருந்து ஓர் உப்பு. அது மனவெறியைத் தணிப்பதை 1949ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் வெளியிட்டார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலோ, கறியுப்புக்குப் பதிலாக இலிதியம் குளோரைட்டை உண்ட நோயாளர் சிலர் மாண்டனர். அந்நாடு இதனை மருந்தாக ஏற்றது 1970இலேதான்.

பட்டையை ஆழ வெட்டினால் மரம் புண்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் சுரவாது. இலிதியமும் அத்தகையதே. இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவாக ஏற்ற அளவாகும், 1.5ஐக் கடந்தால் நஞ்சாகலாம். ஆதலால், இறுதிக் குளிசை உண்டு 12 மணி நேரத்தின் பின் இரத்தம் எடுத்துச் சோதித்தல் வேண்டும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் காலந்தோறும் பரிசோதித்தல் அவசியம்.

உடல் உப்பையும் நீரையும் இழந்தால் சிறுநீரகம் இலிதியத்தைத் தேக்கிவைக்கும். மிகுதியாக வியர்ப்போரும், வாந்தி பேதி கண்டோரும், நீரருந்தா விரதமிருப்போரும் விழிப்புடன் இருத்தல் நன்று. உடல்வலிக்கெனக் கடையில் வாங்கும் இபுபுரோபன், டைக்குளோபெனக் போன்றவையும், இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகளும் அதன் அளவை உயர்த்திவிடும். கடும் நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல், வாந்தி பேதி தோன்றினால், "குடித்திருக்கிறான்" என வாளாவிருத்தல் தகாது. அடுத்த வேளைக் குளிசையைக் கொடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

இத்தனை அச்சமிருக்க, நிறுத்திவிட்டாலென்ன? ஆகாது, சகோதரி! தம்பி நலமாயிருப்பது மருந்து வேலை செய்வதனாலேயே. திடீரென நிறுத்தினால் வெறி விரைந்து மீளும். தற்கொலை எண்ணமும் தலைதூக்கக்கூடும். நிறுத்தத்தான் வேண்டுமெனில், வைத்தியரின் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் குறைப்பதே முறை. ஐயம் எழுந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

குளிசையை ஒளித்து வைக்காதீர்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அயலாருக்கு அதுவே தக்க விடை.