பெட்ரோல் எகிறியது, மீட்டர் எகிறவில்லை: நடுரோட்டில் மல்லுக்கட்டும் ஆட்டோ டிரைவர் - பயணி

"மீட்டர் போடுப்பா" என்கிறார் பயணி. "கட்டாது சார், பார்த்துக் கொடுங்க" என்கிறார் டிரைவர். சென்னையில் சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு என்று எந்த ஸ்டாண்டுக்குப் போனாலும் இதே மல்லுக்கட்டுதான். திட்டு வாங்குவது டிரைவர். பர்ஸ் காலியாவது பயணிக்கு. ஆனால் சண்டையை மூட்டிவிட்டது இவர்கள் இரண்டு பேருமே இல்லை.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு ஆட்டோ கட்டணத்தை நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது.

அதற்குப் பிறகு பெட்ரோலுக்கு கால் முளைத்தது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலையை மாற்றும் முறை வந்தது. 2020 மே மாதம், கொரோனாவில் கச்சா எண்ணெய் விலை படுத்துக் கிடந்த நேரத்தில், பெட்ரோல் மீதான மத்திய வரி 10 ரூபாய் ஏறியது. உலகச் சந்தையில் இறங்கிய விலை ஆட்டோ டேங்குக்கு வந்து சேரவே இல்லை. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது.

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் வேடிக்கை. 2021 நவம்பரில் இருந்து நாலரை மாதம் விலை அசையவே இல்லை. உத்தரப்பிரதேசம் உள்பட 5 மாநிலத் தேர்தல் முடிவு 2022 மார்ச் 10-ல் வந்தது. மார்ச் 22-ல் விலை மறுபடி ஓட ஆரம்பித்தது! இரண்டே வாரத்தில் 10 ரூபாய்க்குப் பக்கத்தில் ஏறி, சென்னையில் 110 ரூபாயைத் தாண்டி நின்றது. மே மாதம் மத்திய வரியில் 8 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் விலையில் இன்னும் 2 ரூபாய் குறைத்தார்கள். அப்படியும் 100-க்குக் கீழே இறங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். லிட்டருக்கு 25 கிலோ மீட்டர் கொடுக்கிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். 75 ரூபாய் விலையில் கிலோ மீட்டருக்கு 3 ரூபாய் செலவு. 110 ரூபாயில் 4 ரூபாய் 40 காசு. ஒரு நாளைக்கு 100 கிலோ மீட்டர் ஓட்டினால் 140 ரூபாய் கூடுதலாக பங்குக்குப் போகிறது. வீட்டுக்கு இரண்டு வேளைக்கு காய்கறி, பால் வாங்கும் காசு அது. சவாரி கிடைக்காமல் காலி வண்டியாகத் திரும்புவதற்கு யாரும் பைசா தருவதில்லை. வாடகை வண்டி என்றால் ஓனருக்கு தினப்படி வேறு எண்ணி வைக்க வேண்டும். டயர், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் தனி.

மும்பையில் என்ன செய்தார்கள்? 2021, 2022, 2025 என்று மூன்று தடவை ஆட்டோ கட்டணத்தைத் திருத்தினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதால் அங்கே மீட்டர் செத்துப் போகவில்லை.

இங்கே காத்துக் காத்துப் பார்த்த ஆட்டோ சங்கங்கள், 2025 பிப்ரவரி 1 முதல் முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 50 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 18 ரூபாய் என்று தாங்களே அறிவித்தன. அனுமதி கிடையாது, மீறினால் நடவடிக்கை என்றது அரசு. சங்கங்கள் தானாக ரேட் வைப்பது சட்டப்படி செல்லாது என்பது சரிதான். ஆனால் 2013 ரேட்டை 2025-லும் காட்டி "இதுதான் சட்டம்" என்றால் எந்த டிரைவர் கேட்பார்?

பயணி மட்டும் பணக்காரரா? குழந்தைக்கு காய்ச்சல் என்று ராத்திரியில் எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற கூலித் தொழிலாளிக்கு 150 ரூபாய் என்பது பெரிய தொகை. அந்த நேரத்தில் கையில் ரேட் கார்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறார்.