மத மாற்றமும் மானமும்

ஒருவன் மதம் மாறிவிட்டான் என்று கேள்விப்பட்டவுடன் நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எந்தப் பெண்ணுக்காக?" என்பது. மனிதன் தன் மானத்திற்காகவும் மதம் மாறக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மானத்தை ஒரு பொருளாகவே மதியாத சமூகத்திற்கு அது தோன்றாததில் ஆச்சரியமுமில்லை.

நமக்குக் கடவுளும் வேண்டாம், மதமும் வேண்டாம் என்பது வாசகர்கள் அறிந்ததே. எந்த மதம் உயர்ந்தது என்று தராசு பிடிப்பது நம் வேலையல்ல. ஆயினும் கிறிஸ்தவ மதத்தில் பிறந்து வளர்ந்து இஸ்லாத்திற்குப் போன ஒரு மனிதருடைய சரித்திரத்தை இங்கு எடுத்துக்கொள்ளுகின்றோம். மத மாற்றத்தைப் பகுத்தறிவுக்காரன் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை விளக்க அது மிகவும் பயன்படும்.

அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த லூயிவில் நகரில், 1942-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி ஒரு கறுப்பர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காசியஸ் கிளே. உலகம் அறிந்த பெயர் முகம்மது அலி. தகப்பனார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். தேவாலயச் சுவர்களிலும் வேதக் கதைப் படங்கள் எழுதியவர். தாயார் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். தாயார் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் சபையிலேயே பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

சிறு வயதில் தம் தாயாரிடம் கேட்ட கேள்விகளை அவர் 1971-ம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஏசுநாதர் படத்தில் ஏன் வெள்ளைத் தோலும் நீலக் கண்ணுமாக இருக்கிறார்? கடைசி இராப்போஜனப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஏன் வெள்ளைக்காரர்கள்? தேவதூதர்களும் ஏன் வெள்ளை? செத்தபின் நாமும் மோட்சத்திற்குப் போவோம் என்கிறாயே, அப்படியானால் அந்தப் படம் எடுத்தபோது கறுப்புத் தேவதூதர்கள் எங்கே போயிருந்தார்கள்? மோட்சத்தின் சமையற்கட்டில் பாலும் தேனும் தயார் செய்து கொண்டிருந்தார்களோ என்று அவரே கேலியும் செய்தார்.

இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பாதிரி பதில் சொன்னார்? பதில் சொல்ல அவர்களுடைய சரித்திரத்தில் இடம் ஏது? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியா நகர மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் முழங்காலிட்டு ஜெபம் செய்து கொண்டிருந்த கறுப்பர்களை, இது உங்கள் இடமல்ல என்று பாதி ஜெபத்திலேயே தூக்கி எழுப்பினார்கள். அந்த அவமானத்தின் பலனாகக் கறுப்பர்கள் தனிக் கோயில் கட்டி, 1816-ல் தனிச் சபையே அமைத்துக் கொண்டார்கள். தென் மாகாணத்துப் பாப்டிஸ்டுகளோ, அடிமை வைத்திருப்பவரும் மத ஊழியம் செய்யலாமா என்ற வழக்கிலே வடவருடன் பிரிந்து 1845-ல் தனி மகாநாட்டுச் சபை கண்டார்கள். அடிமை முறையை ஆதரித்தது பாவமென்று அந்தச் சபை மன்னிப்புக் கேட்டது 1995-ல். 150 வருஷம் கழித்து வந்த மன்னிப்பு யாருக்கு? அடிமையாய்ச் செத்தவனுக்கா, அவனை விற்றுத் தின்றவனுடைய பேரனின் மனச்சாட்சிக்கா?

இப்படிப்பட்ட நாட்டில் வளர்ந்த வாலிபர் 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்தில் குத்துச் சண்டையில் தங்கப் பதக்கம் வாங்கினார். தேசத்திற்குப் பதக்கம் கொண்டு வந்தவர்தான் என்றாலும், தென் மாகாணங்களில் வெள்ளையருக்கென்று வைத்த ஓட்டலில் அவருக்கும் இடமில்லை. 1964 பிப்ரவரி 25-ந் தேதி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். வயது 22. மறுநாளே, தாம் கிறிஸ்தவரல்ல என்றும் இஸ்லாத்தைத் தழுவியவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். மார்ச்சு மாதத்தில் முகம்மது அலி என்ற பெயரை ஏற்றுக்கொண்டு, காசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று தள்ளினார்.

இங்கே சிலர் ஒரு ஆட்சேபணை சொல்வதுண்டு. காசியஸ் கிளே என்று முன்பு அதே கெண்டக்கியில் வாழ்ந்த வெள்ளைக்காரர் அடிமை முறையை எதிர்த்தவர், தம் அடிமைகளை விடுதலை செய்தவர், அந்த நல்ல பெயரை உதறலாமா என்பார்கள். நல்ல எஜமானாயிருந்தாலும் அது எஜமான் பெயர்தானே? அடிமைகளின் சொந்தப் பெயர்கள் என்ன ஆயின? அவற்றை அழித்த இடத்தில் ஒட்டிய பெயர், எவ்வளவு நல்லவனுடையதாயிருந்தாலும் இரவல் பெயரேயாகும்.

பணத்திற்காக மாறினார் என்று சொல்ல வழியுண்டா? பெரிய பத்திரிகைகள் கூட பல வருஷம் அவருடைய புதுப் பெயரை அச்சிட மறுத்தன. 1967 ஏப்ரலில், வியட்நாம் யுத்தத்திற்குப் பட்டாளத்தில் சேர முடியாது என்று தம் மதத்தைக் காரணம் காட்டி மறுத்தார். உடனே பட்டம் பறிக்கப்பட்டது. ஜூன் மாதம் 5 வருஷம் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். அப்பீல் இருந்ததால் சிறைக்குப் போகவில்லையே தவிர, மூன்று வருஷத்திற்கு மேல் மேடை ஏற வழியில்லாமல் போயிற்று. உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்கு 25 வயதிலிருந்து 28 வயது வரை என்பது சாமான்யமா? 1971 ஜூன் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் 8 நீதிபதிகளும் ஏகமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். போன வருஷங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை. மத மாற்றத்தால் அவருக்கு வந்த லாபம் இதுதான்.

நிற்க, இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மானம் தேடிப் போனவர் அறிவையும் அங்கே கண்டுவிட்டாரா? அவர் முதலில் சேர்ந்தது இலைஜா முகம்மது என்பவர் நடத்திய நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற சங்கம். வெள்ளைக்காரர் எல்லோரும் பிசாசுகள், 6,600 வருஷத்திற்கு முன் யாக்கூப் என்ற ஒரு கறுப்பு விஞ்ஞானி அவர்களை உற்பத்தி செய்துவிட்டான் என்பது அச்சங்கத்தின் போதனை. பிரம்மாவின் தலையிலும் காலிலும் மனிதன் பிறந்தான் என்ற புராணத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஏசு படத்தின் நிறத்தைக் கேள்வி கேட்ட அதே வாய், இந்தக் கதையை மேடைக்கு மேடை ஒப்பித்தது.

தலைவர் வாக்கே வேதவாக்கு என்றிருந்ததால் வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். அவருக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் இருந்த மால்கம் எக்ஸ் 1964-ல் அந்தச் சங்கத்தை விட்டு விலகி மெக்காவுக்குப் போனார். அங்கே வெள்ளைத் தோலுடைய முஸ்லிம்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டு, வெள்ளையர் எல்லோரும் பிசாசு என்ற போதனையைக் கைவிட்டார். தலைவரைப் பகைத்தவன் என்பதற்காக அலி அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. 1965 பிப்ரவரி 21-ந் தேதி மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பருக்கு முதுகு காட்டியதற்காகப் பின்னாளில் அலியே தம் புத்தகத்தில் வருந்தி எழுதினார். 1975-ல் இலைஜா இறந்து, அவருடைய மகன் சங்கத்தைப் பொதுவான இஸ்லாமிய வழிக்குத் திருப்பியபோது அலியும் அவ்வழியே போனார்.

அந்தப் பொதுவழியிலும் சமத்துவம் முழுதாக விளைந்து கிடந்ததா? மெக்கா இருக்கும் சவூதி அரேபியா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1962-ல். அதாவது அலி மதம் மாறுவதற்கு இரண்டே வருஷத்திற்கு முன். மௌரித்தானியா ஒழித்தது 1981-ல். ஆகவே சகோதரத்துவம் தொழுகை வரிசையில் இருக்கலாம். வரிசை கலைந்தபின் இருக்கிறதா என்பதை எந்த மதத்திலும் கேட்டுப் பார்க்கவே வேண்டும்.

அப்படியானால் அவர் மாறியது வீண்தானா என்று கேட்கலாம். வீணல்ல என்பதே நமது அபிப்பிராயம். இழிவு செய்யும் இடத்தைவிட்டு வெளியே வருவது மனிதனுடைய முதல் கடமை. தீப்பிடித்த வீட்டிலிருந்து குதிப்பவனைப் பார்த்து, அடுத்த வீட்டின் கூரையும் ஓலைதானே என்று தர்க்கம் பேசுகிறவன் அறிவாளியல்ல. தீ வைத்தவன் யார் என்று கேட்பவனே அறிவாளி. குதித்தவனுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. அப்பனே, பழைய வீட்டில் நீ கேட்ட கேள்விகளைப் புது வீட்டிலும் நிறுத்திவிடாதே.

நம் நாட்டிலும் கதை இதுவேயாகும். ஜாதி போகும் என்று கிறிஸ்தவரானவர்களுக்குக் கோயிலிலும் கல்லறையிலும் தனி இடம் ஒதுக்கினார்கள். வடக்கன்குளம் தேவாலயத்தில் ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. இன இழிவு நீங்க இஸ்லாத்திற்குப் போங்கள் என்று நாஸ்திகரான பெரியார் சொன்னதும் மோட்சத்திற்காக அல்ல, இழிவு போவதற்காகவே. 1981-ல் மீனாட்சிபுரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் முஸ்லிம்களானபோது, அரபு நாட்டுப் பணம் என்று டில்லி வரை கூச்சல் போட்டார்கள். அவர்களை ஊரில் எப்படி நடத்தினோம் என்று கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, தாழ்த்தப்பட்டவன் கிறிஸ்தவனானாலும் முஸ்லிமானாலும் ஷெட்யூல்டு வகுப்புச் சலுகையை இழக்கிறான். சீக்கியருக்கு 1956-லும் பவுத்தருக்கு 1990-லும் இடம் கொடுத்த சர்க்கார் இவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஊரார் ஜாதியை மறக்கமாட்டார்கள். சர்க்கார் மட்டும் மறந்துவிட்டதாக நடிக்கும்.

ஆகவே தோழர்களே, இனி ஒருவன் மதம் மாறினான் என்று கேள்விப்பட்டால், எவன் மாற்றினான் என்று தேடி அலைய வேண்டாம். எவன் துரத்தினான் என்று விசாரியுங்கள். துரத்தியவன் பெரும்பாலும் நம் தெருவிலேயே, சில சமயம் நம் வீட்டிலேயே இருப்பான். அவனைத் திருத்தினால், மத மாற்றத்தைத் தடுக்கச் சட்டம் எதற்கு? திருத்த முடியாதவர்களுக்குப் போகிறவனை நிறுத்த யாதொரு யோக்கியதையும் கிடையாது.